பள்ளி முடிந்த பிறகு கலை: நான்கு வழிகளில் எது யாருக்கு?

பதினெட்டு, இருபது வயதில் பள்ளி முடிந்துவிடுகிறது. அதுவரை ஒரு நேரப்படி ஓடிய நாள் திடீரென்று காலியாகிறது. அறிவுசார் குறைபாடு உள்ள மகனுக்கோ மகளுக்கோ அடுத்து என்ன என்று யோசிக்கும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான்: "படம் வரைவதில், ஆடுவதில் ஆர்வம் இருக்கிறது. இவர்களுக்கென்றே நடக்கும் கலைக்கூடத்தில் சேர்ப்பதா, எல்லோரும் போகும் வகுப்புக்கு ஒரு துணையோடு அனுப்புவதா? நாடகக் குழு ஒன்று கூப்பிடுகிறது, அதற்குச் சரி சொல்வதா? இல்லை, வீட்டுக்கே ஒரு ஆசிரியரை வரவழைத்தால் போதுமா?"

நான்குமே நல்ல வழிகளாக இருக்க முடியும். நான்குமே ஓராண்டை வீணடிக்கவும் முடியும். அதனால் பெயர்ப்பலகையைப் பார்ப்பதற்கு முன் எதை வைத்து அளப்பது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

## முதலில் அளவுகோல்கள்

ஆசை யாருடையது? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது தோன்றுவதைவிடக் கடினம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களில் பலர் "ஆமாவா, இல்லையா" வகைக் கேள்விகளுக்கு ஆமாம் என்றே சொல்லிவிடுவார்கள். பதில் தெரியாதபோதும், கேட்பவரைச் சந்தோஷப்படுத்தவும் அப்படிச் சொல்வதுண்டு என்பது ஆய்வாளர்கள் 1980-களிலிருந்தே எழுதிவரும் விஷயம். "டான்ஸ் கிளாஸ் போறியா?" என்று கேட்டு, வந்த ஆமாமை நம்பிப் பணம் கட்டிவிடக் கூடாது. "டான்ஸா, பெயின்டிங்கா?" என்று இரண்டைக் கொடுத்துக் கேளுங்கள். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: கடைசியாகக் காதில் விழுந்ததையே திருப்பிச் சொல்பவர்கள் உண்டு. வேறொரு நாள் வரிசையை மாற்றி "பெயின்டிங்கா, டான்ஸா?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு தடவையும் ஒரே பதில் வந்தால் அதற்கு எடை அதிகம். கேட்டுவிட்டு உடனே அடுத்த வார்த்தையை எடுக்காமல் பத்து விநாடி சும்மா இருங்கள். பலருக்குப் பதில் திரண்டு வர அந்த நேரம் தேவை. நாமோ இரண்டாவது விநாடியிலேயே பொறுமை இழந்து கேள்வியை மாற்றிக் கேட்டுவிடுகிறோம், அவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

பேச்சு குறைவாக உள்ளவரிடம் கேட்பதைவிடப் பார்ப்பது மேல். எந்தப் பொருளுக்குக் கை தானாகப் போகிறது, எதை யாரும் சொல்லாமல் மறுபடி எடுக்கிறார், எந்த அறைக்குள் நுழையும்போது தோள் இறுகுகிறது என்பதெல்லாம் பதில்கள்தான்.

"வேண்டாம்" செல்லுபடியாகுமா? என்னைக் கேட்டால் மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்குத்தான் மதிப்பெண் அதிகம். இந்த இளைஞர்கள் சின்ன வயதிலிருந்து சொன்னதைச் செய்யப் பழக்கப்பட்டவர்கள். உட்கார் என்றால் உட்கார வேண்டும், முடி என்றால் முடிக்க வேண்டும். ஒரு கலை நிகழ்ச்சியிலும் இதே தொடர்ந்தால் அது பள்ளியின் நீட்சிதான், வண்ணம் மட்டும் கூடுதல். அவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டால் அங்கே என்ன நடக்கிறது? "இன்னும் கொஞ்சம், குட் பாய்" என்று கெஞ்சிக் கையில் திணிக்கிறார்களா? அல்லது அது ஒரு தகவல் என்று எடுத்துக்கொண்டு களிமண்ணையோ துணியையோ பக்கத்தில் வைக்கிறார்களா? எதற்கும் மறுக்கத் தெரியாத ஒருவர் வாழ்க்கையில் சுரண்டலுக்கும் எளிதாக ஆளாகிறார். அதனால் மறுக்கப் பழகும் இடம் என்பது கலையைத் தாண்டியும் பயன் தரும்.

கை யாருடையது? காகிதத்தை ஒட்டித் தருவது, கெட்டித் துணியை வெட்டித் தருவது, மூடியைத் திறந்து தருவது எல்லாம் உதவி. நிறத்தைத் தேர்ந்தெடுப்பதும், அவர் கைமேல் தன் கையை வைத்து நகர்த்துவதும் வேறு. இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத ஒன்றும் உண்டு: படம் முடிந்துவிட்டது என்று யார் சொல்கிறார்கள்? நிறத்தின்மேல் நிறமாகப் பூசிக்கொண்டே போய் எல்லாம் பழுப்பாகிவிடும் கட்டத்துக்கு முன்பே, "போதும், அழகா இருக்கு" என்று காகிதத்தை உருவிக்கொள்ளும் ஆசிரியர்கள் நிறைய. சுவரில் மாட்ட அழகான படம் கிடைக்கும். ஆனால் அந்தப் பழுப்புக்கு அப்புறம் அவர் என்ன செய்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

காலம். முடிவு தேதி உள்ள நிகழ்ச்சியா, இல்லாததா? இது ஏன் முக்கியம் என்பதற்கு ஜூடித் ஸ்காட்டைவிட நல்ல சான்று இல்லை. நூல் சிற்பங்களுக்காகப் பெயர்பெற்ற கலைஞர், 1943-ல் அமெரிக்காவில் பிறந்தவர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். காது கேளாதவர் என்பது பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. ஏழு வயதில் காப்பகத்தில் விடப்பட்டு முப்பத்தைந்து ஆண்டுகளை அங்கே கழித்தார். இரட்டைச் சகோதரி பொறுப்பேற்று வெளியே அழைத்து வந்து, 1987-ல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கென நடக்கும் கிரியேட்டிவ் குரோத் கலைக்கூடத்தில் சேர்த்தார். அங்கே முதல் இரண்டு ஆண்டுகள் ஓவியத்தில் அவருக்குப் பெரிதாக ஈடுபாடு வரவில்லை. பிறகு ஒரு நூல்கலைப் பட்டறையில் பொருள்களை நூலாலும் துணியாலும் சுற்றிக் கட்டத் தொடங்கினார், 2005-ல் இறக்கும்வரை நிறுத்தவில்லை. 2014-ல் புரூக்ளின் அருங்காட்சியகம் அவருடைய படைப்புகளுக்குத் தனிக் கண்காட்சி நடத்தியது. பத்து வாரப் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தால், "ஆர்வம் இல்லை" என்ற குறிப்போடு அவர் கோப்பு மூடப்பட்டிருக்கும்.

எல்லோரும் ஜூடித் ஸ்காட் ஆவதில்லை, ஆகவும் வேண்டியதில்லை. ஆனால் மெதுவாகத் தொடங்குவது பலருக்கும் பொது.

மனிதர்கள். அங்கே அவருக்கு யார் அறிமுகமாவார்கள்? சம்பளம் வாங்கும் ஊழியர்கள் மட்டுமா? சம வயதினர் உண்டா?

வீட்டின் மேல் விழும் சுமை. போகவர எவ்வளவு நேரம், யார் கூட்டிப்போவது, வகுப்பு நடக்கும்போது நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டுமா, துணையாள் வராத நாளில் என்ன. கட்டணத்தைவிட இதுதான் பல குடும்பங்களைப் பாதியில் நிறுத்தவைக்கிறது.

## ஒரே பார்வையில்

| | தனிக் கலைக்கூடம் | பொது வகுப்பு, துணையோடு | மேடைக் குழு | தனி ஆசிரியர் / கலை சிகிச்சை |
|---|---|---|---|---|
| காலம் | ஆண்டுக்கணக்கில் | சில வாரம் முதல் சில மாதம் | நிகழ்ச்சிவரை, அல்லது நிரந்தரக் குழு | வேண்டியவரை |
| வேகம் | அவருடையது | வகுப்பினுடையது | குழுவினுடையது | அவருடையது |
| சம வயதினர் | உண்டு, பெரும்பாலும் குறைபாடு உள்ளவர்கள் | உண்டு, ஆனால் நெருக்கம் தானாக வராது | நிறைய, சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள் | இல்லை |
| வீட்டின் வேலை | போகவர | துணையாளைத் தேடுவது, ஆசிரியருக்கு விளக்குவது | ஒத்திகை நேரம், நிகழ்ச்சிக் காலத் தூக்கக் குறைவு | வீட்டில் இடம், பொருள் |
| கண்ணில் படாத செலவு | காத்திருப்போர் பட்டியல், தேங்கிப்போதல் | துணையாளின் சம்பளம் | முடிந்த பிறகு வரும் வெறுமை | தனிமை |
| மறுக்க இடம் | நல்ல கூடத்தில் நிறைய | நடுத்தரம் | நிகழ்ச்சி நெருங்க நெருங்கக் குறையும் | ஆசிரியரைப் பொறுத்து |

## தனிக் கலைக்கூடம்

அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவர்களுக்கென்றே நடக்கும் ஸ்டூடியோ இது. வாரத்தில் பல நாள் திறந்திருக்கும். பாடத்திட்டம் என்று ஒன்று இருக்காது. பொருள்கள் இருக்கும், ஓவியர்களோ சிற்பிகளோ உதவிக்கு இருப்பார்கள், வருபவர் தன் வேலையைப் பார்ப்பார். இந்த மாதிரியைப் பரவலாக்கியவர்கள் எலியஸ் காட்ஸ், ஃபுளோரன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் தம்பதி. பெரிய காப்பகங்கள் மூடப்பட்டு, அங்கிருந்தவர்கள் வெளியே வந்துகொண்டிருந்த காலத்தில், 1974-ல் தங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் கிரியேட்டிவ் குரோத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டில் மெல்போர்னில் ஆர்ட்ஸ் ப்ராஜெக்ட் ஆஸ்திரேலியா தொடங்கியது. 2023-ல் சான்பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் கிரியேட்டிவ் குரோத் கலைஞர்களின் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகளை வாங்கிச் சேர்த்தது.

லண்டனின் ஆக்‌ஷன்ஸ்பேஸ் இன்னொரு உதாரணம். அங்கே 1999 முதல் வேலை செய்துவரும் ந்னேனா காலு 2025-ல் பிரிட்டனின் பெரிய கலைப் பரிசான டர்னர் பரிசு பெற்றார். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவருக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. பேச்சு மிகக் குறைவான கலைஞர் அவர். சுழல் சுழலாகப் போகும் பெரிய ஓவியங்களும், துணி, டேப், பிளாஸ்டிக் எல்லாம் சுற்றித் தொங்கவிடும் சிற்பங்களும் அவர் வேலை. சேர்ந்த ஆண்டையும் பரிசு ஆண்டையும் சேர்த்துப் பாருங்கள். இந்த வழியின் பலம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது: யாரும் அவசரப்படுத்தவில்லை.

பலவீனமும் அதே காலத்தில்தான். முடிவு தேதி இல்லாத இடம் தேங்கிப்போகவும் செய்யும். கலைக்கூடம் என்ற பெயரில் பகல்நேரப் பராமரிப்பு நடக்கும் இடங்கள் உண்டு. ஒருவர் ஐந்து ஆண்டாக அதே மேசையில் அதே ஸ்கெட்ச் பேனாவை வைத்திருப்பார். அது அவர் தேர்ந்தெடுத்ததா, வேறு எதுவும் யாரும் காட்டவில்லையா என்று விசாரிக்க வேண்டும். கூடத்தில் ஊழியர்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்றும் கேளுங்கள். பேச்சு குறைவானவரின் குறிப்புகளைப் படிக்கத் தெரிந்த ஒருவர் போய்விட்டால் மறுபடி ஆறு மாதம் பின்னுக்குப் போக வேண்டியிருக்கும்.

"இப்படித் தனியே வைப்பது ஒதுக்கிவைப்பதுதானே?" என்று ஒரு எதிர்ப்பு உண்டு. நியாயமான கேள்வி. என் கருத்து: வாசல் எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். வெளியாட்கள் வந்து பார்க்கும் கண்காட்சி, வெளிக் கலைஞர்கள் வந்து வேலை செய்யும் நாட்கள், இங்கிருப்பவர்கள் வெளியே போய்க் கலந்துகொள்ளும் நிகழ்வுகள் இருந்தால் அது ஒதுக்கல் ஆகாது. எல்லாப் படமும் கட்டடத்துக்குள்ளேயே மாட்டப்பட்டு, பெற்றோர் மட்டும் வந்து கைதட்டிவிட்டுப் போனால், அந்த எதிர்ப்புக்கு என்னிடம் பதில் இல்லை.

இது சிறந்த தேர்வாவது: நீண்ட நேரம் தனியாக ஒன்றில் மூழ்கக்கூடியவருக்கு, பேச்சு குறைவானவருக்கு, சத்தமும் கூட்டமும் ஆகாதவருக்கு, நாளுக்கு ஒரு ஒழுங்கு தேவைப்படும் வீட்டுக்கு.

## பொது வகுப்பில், ஒரு துணையோடு

அக்கம்பக்கத்தில் யாரும் சேரக்கூடிய மண்பாண்ட வகுப்பு, பாட்டு வகுப்பு, புகைப்பட வகுப்பு. உங்கள் பிள்ளையும் அதில் ஒருவர். கேட்க எல்லாவற்றையும்விட அழகாக இருக்கும் வழி இதுதான். ஆனால் சேர்ந்த பிறகு வேலை அதிகம் கேட்பதும் இதுதான்.

முதல் சிக்கல் துணையாள். நல்ல துணையாள் பக்கத்து மேசையில் தன் வேலையைச் செய்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் எழுந்து வருவார். மோசமானவர் ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ஆசிரியர் சொல்வதையெல்லாம் மறுபடி காதில் சொல்லிக்கொண்டே இருப்பார். வளர்ந்த ஒருவரை ஒட்டியே ஆள் இருந்தால் மற்றவர்கள் அவரிடம் பேச மாட்டார்கள், துணையாளிடம்தான் பேசுவார்கள். ஒரே அறையில் இருந்தும் தனியே இருப்பது இப்படித்தான். அம்மாவோ அப்பாவோ துணையாக உட்காருவது இன்னும் சங்கடம். இருபத்திரண்டு வயதில் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யார் நண்பர்களைப் பிடிக்க முடியும்?

இரண்டாவது, ஆசிரியர். கலை தெரிந்த ஆசிரியருக்கு இந்த வகை மாணவர்கள் புதிது. பெரும்பாலானவர்களிடம் மனசு இருக்கும், வழி தெரியாது. ஒரு பக்கத்துக்கு மேல் போகாத குறிப்பு ஒன்றை எழுதிக் கொடுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு படி சொன்னால் போதும், செய்துகாட்டினால் புரியும், பதிலுக்குக் காத்திருங்கள், இந்தச் சத்தம் ஆகாது, கோபம் வரும் முன் இப்படி ஒரு அடையாளம் தெரியும். மருத்துவ வரலாறு வேண்டாம். முதலிலேயே மூன்று பக்க மருத்துவ அறிக்கையைக் கொடுத்தால் அவர் மாணவரைப் பார்க்க மாட்டார், அறிக்கையைத்தான் பார்ப்பார்.

மறைந்த செலவு துணையாளின் ஊதியம். வகுப்புக் கட்டணம் சிறியதாகத் தெரியும், துணையாளுக்கான பணமும் அவர் போகவரச் செலவும் சேர்ந்தால் சில நேரம் கட்டணத்தையே தாண்டிவிடும். இன்னொன்றும் உண்டு: வகுப்பு முன்னேறும் வேகம். முதல் பருவத்தில் எல்லோரும் தொடக்கநிலை என்பதால் சமம். இரண்டாவது பருவத்தில் மற்றவர்கள் அடுத்த நிலைக்குப் போய்விட, உங்கள் பிள்ளை மறுபடி மறுபடி புதிய தொடக்கக்காரர்களோடு உட்கார நேரும். அவருக்கு அது பிடித்திருந்தால் ஒன்றும் கெடுதல் இல்லை. பழகியவர்கள் போய்விடுவதுதான் வலிக்கும்.

இது சிறந்த தேர்வாவது: ஒரு குறிப்பிட்ட கலைமேல் தெளிவான ஆசை இருப்பவருக்கு, புதியவர்களிடம் தானாகப் பேசக்கூடியவருக்கு. அதிலும் செய்துகாட்டிச் சொல்லித்தரும் கலைகள் இங்கே நன்றாக ஒத்துவரும். மண்பாண்டம், நெசவு, தாளம் போன்றவற்றில் வாய்விளக்கம் குறைவு, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம்.

## நாடகம், நடனம், இசைக்குழு

சேர்ந்து ஒன்றைச் செய்து மேடையேறும் குழு. வேறெந்த வழியையும்விட வேகமாக நட்பு முளைக்கும் இடம் இது, காரணமும் எளிது: உன் வசனம் முடிந்தால்தான் என் வசனம் தொடங்கும், அதனால் நீ வரவில்லை என்றால் எனக்குத் தெரியும். தேடப்படுவது என்ற அனுபவம் இந்த இளைஞர்கள் பலருக்குப் புதிது.

எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் கீலாங் நகரில் 1987-ல் தொடங்கிய பேக் டு பேக் தியேட்டர் இருக்கிறது. அறிவுசார் குறைபாடு உள்ள நடிகர்கள் அங்கே நடிப்பதோடு நாடகத்தை உருவாக்குவதிலும் பங்கெடுக்கிறார்கள். 2022-ல் நாடகத்துக்கான சர்வதேச இப்சன் விருதும், 2024-ல் வெனிஸ் பியனாலே கலைவிழாவின் நாடகப் பிரிவில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதும் அந்தக் குழுவுக்குக் கிடைத்தன. பெர்லினின் ராம்பாஸாம்பா, சூரிச்சின் தியேட்டர் ஹோரா ஆகியவையும் 1990-களில் தொடங்கி, இதே வகையில் தொழில்முறையாக இயங்கும் நாடகக் குழுக்கள்.

ஆனால் உங்களைக் கூப்பிடும் குழு அப்படிப்பட்டதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: கதை எங்கிருந்து வந்தது? நடிகர்களின் பேச்சிலிருந்தும் விளையாட்டிலிருந்தும் காட்சிகள் உருவாகியிருந்தால் நல்லது. யாரோ எழுதிய கதையில் இவர்களை மரமாகவும் மேகமாகவும் நிற்கவைத்து, திரைக்குப் பின்னால் இருந்து ஒருவர் அசைவுகளைச் செய்துகாட்ட, இவர்கள் மேடையில் அவரையே பார்த்துக்கொண்டு ஆடினால், அந்த நிகழ்ச்சி பார்வையாளர் கண்கலங்குவதற்காக நடப்பது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டும். பெற்றோருக்கும் நெஞ்சு நிறையும். அதில் தவறு சொல்லவில்லை. அந்த ஆறு மாத ஒத்திகையில் உங்கள் பிள்ளை எதையாவது தீர்மானித்தாரா என்பதைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

மேடைக் குழுவில்தான் "வேண்டாம்" மிகவும் நெருக்கடிக்கு உள்ளாகும். டிக்கெட் விற்றாகிவிட்டது, நாளை நிகழ்ச்சி, இவர் உடையைப் போட மறுக்கிறார். அப்போது என்ன செய்வீர்கள் என்று நடத்துபவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். அந்தப் பாத்திரம் இல்லாமலும் காட்சி நடக்க மாற்று ஏற்பாடு வைத்திருப்பவர் அனுபவசாலி. "அப்படி நடக்காது, நாங்கள் சமாளித்துவிடுவோம்" என்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

உடல் சார்ந்த சிலவும் இங்கே வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் மேற்பகுதி எலும்பு மூட்டு தளர்வாக இருக்கும். குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது போன்றவை நடனத்தில் இருந்தால் முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். அறிவுசார் குறைபாட்டோடு வலிப்பும் இருப்பது அரிதல்ல. அவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு விட்டுவிட்டு மின்னும் ஒளி வலிப்பைத் தூண்டும், ஆகவே மேடை விளக்கு பற்றிச் சொல்லிவையுங்கள். வலிப்பு மருந்து தூக்கம் தருவதாக இருந்தால் ஒத்திகை எந்த வேளையில் என்பதும் முக்கியம்.

மறைந்த செலவு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் தெரியும். மாதக்கணக்கில் தினமும் பார்த்த முகங்கள் இல்லை, கைதட்டல் இல்லை. சாப்பாடு குறையும், எரிச்சல் வரும், "எப்போ ஒத்திகை?" என்று வாரக்கணக்கில் கேட்பார்கள். நிகழ்ச்சிக்கு முன்பே அதற்கு அடுத்த வாரச் சந்திப்பைக் காலண்டரில் படத்தோடு குறித்துவைக்கும் குழு இதைப் புரிந்துகொண்ட குழு.

இது சிறந்த தேர்வாவது: தோழமைக்கு ஏங்குபவருக்கு, கவனிக்கப்படுவதில் குதூகலிப்பவருக்கு, திட்டம் மாறினால் ஓரளவு தாங்கக்கூடியவருக்கு.

## தனி ஆசிரியர், கலை சிகிச்சை

இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் ஒரே தலைப்பில் வைத்தேன். தனி ஆசிரியர் கலையைச் சொல்லித்தருபவர். கலை சிகிச்சையாளர் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர், அவருக்குக் கலை ஒரு கருவி. அவர் அறையில் உருவாகும் படம் சிகிச்சைக் குறிப்பின் பகுதி, வரைந்தவரின் சம்மதம் இல்லாமல் கண்காட்சிக்குப் போகக் கூடாது, வரவேற்பறையில் மாட்டக் கேட்பதும் சரியில்லை.

சிகிச்சை எப்போது தேவை? வீட்டில் ஒரு மரணம், இடமாற்றம், துன்புறுத்தல் போன்ற ஏதாவது நடந்து அதற்குப் பிறகு நடத்தை மாறியிருந்தால். அறிவுசார் குறைபாடு உள்ளவரின் துக்கத்தையும் மனச்சோர்வையும் "அது அவர் குறைபாட்டின் குணம்" என்று தள்ளிவிடுவது மருத்துவர்களிடமே நடக்கிற தவறு. பேச்சால் சொல்ல முடியாதவருக்குக் களிமண் உதவலாம். ஆனால் நன்றாக இருக்கும் ஒருவரை, படம் வரையப் பிடிக்கும் என்பதற்காகவே சிகிச்சைக்கு அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை. மற்ற இளைஞர் கிட்டார் கற்றால் பொழுதுபோக்கு, இவர் கற்றால் தெரபி என்பது என்ன கணக்கு? ஐநாவின் மாற்றுத்திறனாளர் உரிமை ஒப்பந்தத்தின் 30-ஆவது பிரிவு, அவர்கள் தங்கள் படைப்புத்திறனை வளர்த்துக்கொள்வது அவர்கள் நலனுக்காக மட்டுமல்ல, சமூகத்தை வளப்படுத்தவும்தான் என்று சொல்கிறது. 2006-லேயே எழுதிவைத்தது.

வீட்டுக்கு வரும் தனி ஆசிரியரின் வசதி தெரிந்ததே. போகவர வேண்டாம், வேகம் அவருடையது, கூட்டம் இல்லை. குறையும் அங்கேதான்: வீட்டைவிட்டு வெளியே போக ஒரு காரணம் குறைந்துவிடுகிறது. வெளி உலகம் இப்போதைக்குத் தாங்காது என்ற நிலையில் இருப்பவருக்கு இதை முதல் படியாக வைத்துக்கொள்ளலாம். அப்படி வைத்தால் அடுத்த படி எது, எப்போது என்றும் ஆசிரியரோடு பேசிவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் படியே வீடாகிவிடும்.

## பணம், உரிமை, புகைப்படம்

படைப்புகளை விற்கும் இடமாக இருந்தால் பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் வேண்டும். கிரியேட்டிவ் குரோத்தில் விற்பனைத் தொகையில் பாதி கலைஞருக்குப் போகிறது. பதிப்புரிமை யாருக்கு என்பது தனிக் கேள்வி: மூலப்படத்தை விற்பது வேறு, அதே படத்தை வாழ்த்து அட்டையிலும் பையிலும் அச்சடித்து விற்பது வேறு. வாழ்த்து அட்டையில்தான் பொதுவாகக் கலைஞர் பெயர் காணாமல் போகிறது.

வருமானம் வந்தால் அரசு உதவித்தொகை பாதிக்கப்படுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்காவில் வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளர்களுக்கும் முதியவர்களுக்கும் தரப்படும் எஸ்எஸ்ஐ என்ற அரசு உதவித்தொகை பெறும் தனிநபரின் கணக்கில் வரும் சொத்து 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. 1989-லிருந்து அந்த வரம்பு மாறவே இல்லை. ஒரு நல்ல கண்காட்சி ஒருவருடைய மாத உதவியையே நிறுத்திவிடலாம். அதற்கென்று தனிச் சேமிப்புக் கணக்கு முறைகள் அங்கே உண்டு, ஆனால் முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

புகைப்பட அனுமதிக் கையெழுத்தை உங்களிடம் மட்டும் வாங்கிவிட்டு அவரிடம் கேட்காத இடம், மற்ற விஷயங்களிலும் அவரிடம் கேட்காது என்று எடுத்துக்கொள்ளலாம். நன்கொடைக்கான விளம்பரத்தில் அவர் முகம் எப்படி வரும் என்று முந்தைய விளம்பரங்களைப் பாருங்கள். கலைஞராகத் தெரிகிறாரா, பரிதாபமாகத் தெரிகிறாரா?

## நேரில் போய்ப் பார்க்கும்போது

அறிவித்துவிட்டுப் போகும் சுற்றுப்பார்வையில் அதிகம் தெரியாது. வழக்கமான நாளில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். தயங்கினால் காரணத்தைக் கேளுங்கள், அங்கே இருப்பவர்களின் அந்தரங்கம் என்றால் அது நல்ல காரணம்தான்.

சுவரைப் பாருங்கள். ஒரே வண்ணத்துப்பூச்சி பன்னிரண்டு முறை இருந்தால் அந்த வண்ணத்துப்பூச்சி ஆசிரியருடையது. மேசையில் குழந்தைகளின் கார்ட்டூன் வண்ணப் புத்தகங்கள் இருந்தால், யாராவது ஆசைப்பட்டுக் கேட்டதா, பொதுவாக எல்லோருக்கும் அதுதானா என்று விசாரியுங்கள். ஊழியர்கள் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள், முப்பது வயதுக்காரரிடம் மழலைக் குரலில் பேசுகிறார்களா? பேசும்போது உங்களைப் பார்த்துப் பேசுகிறார்களா, உங்கள் பிள்ளையைப் பார்த்தா?

பிறகு யாராவது ஒருவர் எதையாவது மறுக்கும்வரை காத்திருங்கள். ஒரு மணி நேரத்தில் கண்டிப்பாக ஒருவர் மறுப்பார். யாருமே மறுக்காத அறை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வழியைத்தான் பிடிக்க வேண்டும் என்பதும் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் கலைக்கூடம், ஒரு மாலை பாட்டுக்குழு என்று சேர்த்து வைத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே மாதத்தில் தொடங்காதீர்கள். எதனால் தூக்கம் கெட்டது, எதனால் முகம் மலர்ந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும்.

எவ்வளவு நாள் பார்ப்பது? பொது வகுப்பு என்றால் ஒரு பருவம் போதும். மேடைக் குழு என்றால் ஒரு நிகழ்ச்சியும் அதன் பிந்தைய மாதமும். தனிக் கலைக்கூடத்துக்கு ஒரு ஆண்டாவது கொடுங்கள், அவர் போக மறுக்காதவரை. காலையில் கிளம்ப மறுப்பது ஒருநாள் நடந்தால் தூக்கம், தொடர்ந்து நடந்தால் செய்தி. அப்போது "ஏன் போகமாட்டேன்கிறாய்?" என்று கேட்டால் பதில் வராது, "ஏன்" என்பது அவர்களில் பலருக்குக் கடினமான கேள்வி. அங்கே இருக்கும் ஆட்கள், அறை, வேலை, சாப்பாட்டு நேரம், போகும் வண்டி ஆகியவற்றின் படங்களைப் பரப்பிவைத்து, பிடித்ததை ஒரு பக்கமும் பிடிக்காததை இன்னொரு பக்கமும் வைக்கச் சொல்லுங்கள். சிக்கல் கலையிலேயே இல்லாமல், போகும் வண்டியில் இருக்கக்கூடும்.